வேனுக்குள் வந்த ஜப்பான்

வேனில் நானும் அம்மாவும் வண்டியோட்டிய மாமாவும் இருந்தோம். அப்பா வரவில்லை. தனக்குப் பதிலாக அம்மாவைச் சாட்சிக்கு அனுப்பியிருந்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பரீட்சை எழுதி, வானலையில் உலகத்து ஆட்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கு உரிமமும் வாங்கியிருந்தேன். அப்பாவின் தீபாவளி போனஸில் பழைய கருவி ஒன்றும் வாங்கியாயிற்று. ஆனால் ஏழாயிரம்பண்ணையில் வீட்டைச் சுற்றிப் பட்டாசுக் கம்பெனிகள். அலை பட்டு மருந்து பற்றிக்கொள்ளுமோ என்று அங்கே பேச எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்று வாரம் அது சும்மா கிடந்தது.

"கடல் தாண்டி ஒரு ஆளு பேசுனத உங்கம்மா கேட்டாப் போதும், வச்சுக்கோ. இல்லேன்னா நாளைக்கே வித்துருவேன்" என்றார் அப்பா. விருதுநகரில் வாங்க ஆளும் பார்த்து வைத்திருந்தார்.

கம்பெனி திறக்காத வாரம் என்பதால் ஆள் ஏற்றும் வேன் மாமாவிடம் சும்மா நின்றது. கூரைக் கேரியரில் ஆன்டெனாவைக் கட்டினோம்.

"பட்டாசு ஷெட் ஒண்ணு கண்ணுல பட்டாலும் மைக்கைத் தொடப்படாது மாப்ளே" என்றார் மாமா.

சாத்தூர் தாண்டி, வெறும் கரிசலாக ஆன பிறகே கருவியைப் போட்டேன். அருப்புக்கோட்டையில் என்னைப் போலவே உரிமம் வாங்கிய கல்லூரி நண்பன் வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருந்தான். இரவல் ஜி.பி.எஸ். காட்டிய எண்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பக்கத்து ஊர்வரை பேசும் கைக்கருவியில் சொன்னேன். வேன் இருக்கும் இடத்தில் அவன் புள்ளி வைத்துக்கொண்டே வந்தான்.

சூரியன் கொந்தளித்துக் கிடந்த ஆண்டு அது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் சிற்றலை, சின்னக் கருவியிலிருந்தும் வெகுதூரம் போகும். பதினொரு மணிக்கு ஜப்பான் குரல்கள் நெருக்கியடித்துக் கேட்டன. அழைக்க வாயெடுத்தேன். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

"ப்யூஸு போயிருக்கும்" என்று மாமா வேனைச் சாத்தூருக்குத் திருப்பினார். ப்யூஸ் மாற்றினோம். கேபிள் மாற்றினோம். எந்தக் கோளாறும் பாட்டரியில்தான் தொடங்கும் என்பது மாமாவின் கட்சி. அம்மாவின் கூலிப் பணத்தில் புது பாட்டரியும் வந்தது. அப்போதும் ஒரு குரலும் இல்லை.

"போனாப் போவுதுய்யா" என்றாள் அம்மா. கைக்கருவி சிற்றலையில் ஓடுவதல்ல, அது பேசியது. நண்பனிடம் மட்டும் சொன்னேன்.

"ஏலே, இங்கன வீட்டு ரேடியோவுலயும் பதினொன்னுலேருந்து சிற்றலை ஒண்ணுமே கேக்கல. சூரியன்ல வெடிச்சிருக்கும்லே."

"அங்க வெடி போட யாருப்பா லைசென்ஸ் குடுத்தா?" என்றார் மாமா.

சூரியனில் அப்படி வெடித்தால், பூமியில் பகலாக இருக்கும் பக்கத்தில் மேல்வானம் சிற்றலையை விழுங்கிவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் சரியாகும். இதைப் படித்தவன்தான் நான். ஆனால் என் கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.

மறுபடி நெடுஞ்சாலைக்கு வந்தோம். ஒன்றேகாலுக்கு இரைச்சல் எழுந்தது, பின்னால் குரல்கள். ஓடுகிற வேனிலிருந்து அழைத்தேன். மூன்றாவது அழைப்பில் ஒரு ஜப்பான்காரர், உரிமத்தோடு எனக்குத் தந்த அழைப்புக்குறியை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னார். எங்கே இருக்கிறாய் என்றார். ஜி.பி.எஸ். எண்களை வாசித்தேன்; வரைபடத்தில் பிடித்துவிட்டார்.

"சாப்பிட்டீகளான்னு கேளு" என்றாள் அம்மா.

பிறர் செய்தியைக் காற்றில் அனுப்பக் கூடாது என்பது விதி. அதனால் நானே கேட்பதாகக் கேட்டேன். சிரித்தார். மனைவி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"அப்ப விடுலே, சூடு ஆறிரும்."

அவரை விட்டேன், மைக்கை விடவில்லை. நாலு மணிக்குள் ஐந்து நாட்டுக்காரர்கள் பதினொரு பேர் கிடைத்தார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் ஒரு ஹாரன் அடித்தார்.

வீட்டில் அம்மா மீன் கதையை மூன்று தடவை சொன்னாள். கேட்டு முடித்த அப்பா விருதுநகர் ஆளுக்குப் போன் போட்டு, "விக்கிறதுக்கு இல்லீக" என்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"செலவு எம்புட்டு?"

டீசலோடு, தேவையே இல்லாத பாட்டரி, கேபிள், ப்யூஸ் எல்லாம் சேர்த்து ஆயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய்.