மேய்ந்த படகுக்கு ஒரு கவுளி வெற்றிலை

என் தங்கையின் கணவர் எதிர்க்கரையில் சிறையிலிருந்த மாதங்களில்தான் எனக்கு அந்த வேலை வந்தது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீன்பிடிக்கிறவர்கள் மதுரையில் கூடிப் பேசப் போகிறார்கள், பேசி முடித்ததை இரண்டு தரப்பும் முகம் சுளிக்காத தமிழில் எழுதித் தர வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். கொழும்பு விமானம் மதுரையில் இறங்குகிறது, அதனால் மதுரை. மற்றபடி இந்த ஊருக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில் இறங்கும் ஐஸ் பெட்டிகளோடு சரி.

மாப்ள ஒரு காலத்தில் அந்த ஐஸ் பெட்டி வண்டியை ஓட்டிக்கொண்டுதான் மதுரைக்கு வந்தார். வந்த இடத்தில் தங்கையைக் கண்டார். எங்களுடையது கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல்காட்டுக் குடும்பம். பருத்தி, மக்காச்சோளம், மழை வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் வானத்தைப் பார்த்து வசவு. கடல்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று பேசிப் பேசி, பேசியவர்கள் ஓய்ந்த பிறகு கல்யாணம் நடந்தது. அப்புறம் அவர் வண்டியை விட்டுவிட்டு விசைப்படகு ஓட்டப் போனார். படகு வேறொருவருடையது. எல்லை தாண்டியதாக அந்த நாட்டுக் கடற்படை பிடித்தது. கூட இருந்தவர்களை நீதிமன்றம் எச்சரித்து அனுப்பிவிட்டது. ஓட்டியவர் என்பதால் இவருக்கு மட்டும் தண்டனை.

தங்கை கடற்கரை ஊரான மண்டபத்தில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தாள். ஜவுளிக்கடையில் வேலை. ஆரம்பத்தில் அழுதாள். பிறகு அழுகை நின்றது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த காலில் முதலில் எறும்பு ஊறும், அப்புறம் அதுவும் நின்றுபோகும், தொட்டால் யாருடைய காலோ போல இருக்கும். அவள் அந்த நிலைக்கு வந்துவிட்டாள். நான் அவள் வீட்டுக்குப் போவேன், டீ குடிப்பேன், டிவியில் ஏதாவது ஓடும், எழுந்து வருவேன். சாலையில் நடக்கும்போது மனசு எங்கெங்கோ ஓடும். எந்த இடத்திலும் கால் ஊன்றாது.

கூட்டம் ஒரு ஓட்டல் மாடியில் நடந்தது. குளிர்சாதனம் அதிகம். வெயிலில் கறுத்த மனிதர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு, முன்னால் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேசை நடுவே கடல் ஒரு வரைபடமாக விரிந்து கிடந்தது. நீலம் வெளிறிய தாள். எல்லைக்கோடு புள்ளி புள்ளியாகப் போயிற்று.

அந்தக் கரைக்காரர்கள் சொன்னது ஒன்றுதான். உங்கள் விசைப்படகுகள் இழுவைமடியைப் போட்டு அடிமண்ணோடு வழித்துக்கொண்டு போகின்றன, குஞ்சும் முட்டையும் சேர்ந்து போகிறது, எங்கள் வலைகளையும் அறுத்துப் போகின்றன. இந்தக் கரைக்காரர்கள் சொன்னதும் ஒன்றுதான். எங்கள் பக்கம் மீன் இல்லை, மாற்றுத் தொழிலுக்குக் காலம் கொடுங்கள், பிடித்த ஆட்களை விடுங்கள். இரண்டும் உண்மை. இரண்டு உண்மைகளை ஒரே வாக்கியத்தில் வைப்பதற்குத்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள். இரு கரைக்கும் ஒரே தடைக்காலம், கடலில் போனவன் திரும்பாவிட்டால் அவன் வீட்டுக்கு உதவி, மீனவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள ஒரு குழு. நான் எழுதிக்கொண்டே போனேன். ‘கூடுமானவரை’ என்ற சொல்லை யாரும் எதிர்க்கவில்லை. அதை நிறையப் போட்டேன்.

மறுபக்கத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர் அதிகம் பேசவில்லை. என் வயதிருக்கும். முழங்கையில் பழைய தழும்பு. முறை வந்தபோது, தன் கரையின் பெயரைச் சொல்லி, அந்தக் கரையில் போன பருவம் எத்தனையோ வீடுகளுக்கு வலை போயிற்று, தனக்கும் போயிற்று, சிலர் அதோடு தொழிலை விட்டுவிட்டார்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்தக் கரையின் பெயர் எனக்குத் தெரியும். மாப்ளயைப் பிடித்த இடத்துக்கு எதிரே இருப்பது அது.

சாயங்காலம் அந்தத் தழும்புக்காரரைப் பற்றித் தங்கையிடம் போனில் சொன்னேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் சொன்னேன். எந்த ஓட்டல் என்று கேட்டாள். பிறகு, “நாளைக்கு வாரேண்ணே,” என்றாள்.

அவள் எதற்கு வரப்போகிறாள் என்று நான் யோசித்திருக்கலாம். எங்கள் ஊரில் ஒருவன் மாடு அடுத்தவன் வெள்ளாமையில் மேய்ந்துவிட்டால், வயல்காரன் மாட்டைப் பிடித்துப் பவுண்டுத் தொழுவத்தில் அடைப்பான். மாட்டுக்காரன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வயல்காரன் வீட்டுக்குப் போவான். நின்றுகொண்டே இருப்பான். உள்ளே இருந்து வசவு வரும், மாட்டின் வம்சத்தையும் மாட்டுக்காரன் வம்சத்தையும் சேர்த்து வரும், வரட்டும் என்று நிற்பான். வயல்காரன் ஒரு வெற்றிலையை எடுத்துக் கிழித்து வாயில் போட்டுவிட்டால் தீர்ந்தது. மாடு வீட்டுக்கு வரும். அப்புறம் குடித்துவிட்டுச் சண்டை போட்டாலும் அந்த மேய்ச்சலை வாயில் எடுக்கக் கூடாது. இன்றைக்கும் அப்படித்தான், போன கோடையில்கூட என் சித்தப்பா மகன் தட்டு தூக்கினான்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டில் அயிரை மீன் குழம்பு வைத்தார்கள். விருந்தாளிகளுக்கு மதுரையின் மரியாதை. இரண்டு கரைக்காரர்களும் ஒரு வாய் வைத்துவிட்டு ஓரமாக ஒதுக்கினார்கள்.

“சேத்து வாசமப்பா. எங்க ஊருப் பூனை மோந்து பாத்துட்டுப் போயிரும்,” என்றார் இந்தக் கரைச் சங்கத் தலைவர்.

“ஓம், எங்கட பூனையும் அப்பிடித்தான்,” என்றார் வலை போனவர்.

இரண்டு நாளில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். பரிமாறியவருக்கு முகம் விழுந்துவிட்டது. அயிரைக்கு மதுரையே அடித்துக்கொள்கிறது, இவுகளுக்குப் பூனை கேக்குது என்று முனகிக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தங்கை நின்றிருந்தாள். கடைச் சீருடைப் புடவை. கையில் எவர்சில்வர் தட்டு, தட்டில் ஒரு கவுளி சோழவந்தான் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி. வெற்றிலையில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிட்டே போவதற்குள் அவள் அவர் முன்னால் தட்டை நீட்டிவிட்டாள்.

“அண்ணே, இத எடுத்துக்கங்க. தப்பா நெனைக்காதீக.”

அவர் சங்கோஜமாகச் சிரித்தார். என்னைப் பார்த்தார். நான் என் தங்கை என்றேன். அவருக்கு இன்னும் சந்தோஷம். காம்பைக் கிள்ளி, நுனியைக் கிள்ளி, சுண்ணாம்பைத் தடவி, ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மீதியையும் தட்டோடு வாங்கிக்கொண்டு, நல்ல வெத்திலை என்றார்.

தங்கை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லுவதை, விழுங்குவதை. அவள் முகத்தில் என்னவோ இளகியது. நல்லா இருங்க என்று கும்பிட்டுவிட்டு, கடைக்கு நேரமாச்சு என்று என்னிடம் சொல்லி, படியில் வேகமாக இறங்கிப் போனாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்படித்தான் இறங்குவாள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்ற வேண்டியவை எல்லாம் எங்கோ ஒரு தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வாயை அசைத்துக்கொண்டிருந்தன.

அன்றைய கூட்டம் கலைந்ததும் அந்தக் கரைக்காரர்களை வேனில் மீனாட்சி கோயிலுக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் தட்டு. அதை ஓட்டலில் வைக்க மனமில்லாமல் கூடவே எடுத்து வந்திருந்தார்.

“உங்கட தங்கச்சி எனக்கு மட்டும் ஏன் தந்தவ?” என்றார்.

சொன்னேன். மாப்ளயைப் பற்றி, அவர் பிடிபட்ட இடத்தைப் பற்றி, மாட்டைப் பற்றி, பவுண்டைப் பற்றி, வெற்றிலையைப் பற்றி. கீழவாசல் சிக்னலில் வேன் நின்றது. பூக்காரி ஒருத்தி ஜன்னலில் மல்லிகையை ஆட்டிக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. மெல்லுவதை நிறுத்தின மனிதர் போல, வாயில் ஒன்றும் இல்லாமலே, தாடையை இறுக்கி வைத்திருந்தார். வீடு எங்கே என்று கேட்டார். கூட வந்தவர்களை ஓட்டலில் இறக்கிவிட்டு, இரண்டு பேரும் தெப்பக்குளத்துக்குப் போனோம்.

மாடிப்படி ஏறும்போதே தெரிந்தது. கொடியில் மாப்ளயின் சட்டைகள். கடைக்குப் போகாமல், பெட்டியில் கிடந்ததை எல்லாம் எடுத்துத் துவைத்துப் போட்டிருந்தாள். கைகள் கீழே தொங்க, ஈரம் சொட்ட, அத்தனையும் காற்றில் லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கீழ்வீட்டம்மா என்னைப் பார்த்ததும், உங்க மச்சான் வந்துருவாராமே என்றார்.

அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார். தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“தங்கச்சி, இதின்ர அர்த்தம் தெரியாமல் வாங்கிப்போட்டன். எங்கட பக்கம் இது உபசாரம். தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டன்.”

“வாங்கியாச்சுல்லண்ணே,” என்றாள் தங்கை. “வாயிலயும் போட்டாச்சு.”

“ஓம். ஒண்டு குறையுது.” தட்டைப் பார்த்தார். “என்ர வலை மட்டும் எண்டா நான் விட்டிடுவன். எங்கட கரை முழுக்கப் போனது. வள்ளத்தை வித்துப்போட்டு மேசன் வேலைக்குப் போறவை இருக்கினம். அவையின்ர வெத்திலையை நான் ஒருத்தன் எடுக்க ஏலாது.”

தங்கை கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் வாதாடுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வாதாடத் தெரியும். மாப்ளயைக் கட்டுவதற்காக ஒரு வீட்டையே எதிர்த்து வாதாடியவள். ஆனால் அவர் சொன்னது அவளுக்குத் தெரிந்த நியாயம். ஊர்ப் பொது வெள்ளாமையில் மாடு மேய்ந்தால் தனி ஆளிடம் தட்டு நீட்ட முடியாது. ஊர் கூட வேண்டும், கூட்டத்துக்கு முன்னால் தரையில் வைக்க வேண்டும். அதுவும் அதே ஊர் வழக்கம்தான். அவள் அதை மறந்திருந்தாள், அல்லது மறக்க வேண்டியிருந்தது.

“கடலு யாருக்கும் சொந்தமில்லம்பாக எங்க வீட்டுக்காரக,” என்றாள். “அம்புட்டுப் பேருக்கும் சொந்தம்னு எனக்குத் தோணாமப் போச்சு.”

தட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது வெற்றிலை வாடியிருந்தது தெரிந்தது. ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. சமையல்கட்டில் வைத்துவிட்டு வந்து, டீ குடிச்சிட்டுத்தான் போகணும் என்றாள். குடித்தோம். சீனி அதிகமாக இருந்தது. 

எழுந்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், சிறை தன் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரந்தான் என்றார். அங்கே உள்ளவர்கள் சிலர், பிடிபட்ட இந்தியாக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதுண்டு, தான் இதுவரை போனதில்லை என்றார்.

“போய்ப் பாக்கிறன். அது வேற இது வேற. அவர் என்ன விரும்பிச் சாப்பிடுவார்?”

தங்கை சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.  கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு வருடம் சோறு போட்டவள். அவள் கண் அங்குமிங்கும் போயிற்று, வைத்த பொருளைத் தேடுகிறவள் போல.

“எதப் போட்டாலும் சாப்பிடுவாக,” என்றாள் கடைசியில்.

மறுநாள் காலையில் கூட்டறிக்கை வாசிக்கப்பட்டது. ஒரே தடைக்காலத்தை இரு தரப்பும் கூடுமானவரை பரிசீலிக்கும். கரையோரக் குடும்பங்களின் நலனை இரு தரப்பும் கூடுமானவரை கருத்தில் கொள்ளும். கைதட்டினார்கள். சங்கத் தலைவர், தமிழ் நல்லா இருக்குண்ணே, யாரையும் குத்தல என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன். வலை போனவர் தூரத்திலிருந்து கையை உயர்த்திவிட்டு வேனில் ஏறினார்.

தங்கை சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். கீழ்வீட்டம்மா அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜவுளிக்கடையில் ஆடி தள்ளுபடி வந்தது, போனது. மாப்ள வரவில்லை. நான் அதே டீயைக் குடித்துக்கொண்டு அதே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் போனில் அந்த நாட்டு எண் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

வலை போனவர்தான், சிறைக்குப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். புட்டும் சம்பலும் கொண்டுபோனாராம். மாப்ள வாங்கிச் சாப்பிட்டாராம், கையை நக்கும் அளவுக்கு. யார் நீங்கள் என்று கேட்டதற்கு, மதுரையில் உங்கட மச்சானைத் தெரியும் என்று மட்டும் சொன்னாராம். வலையைப் பற்றி இவர் பேசவில்லை. அவரும் கடலைப் பற்றிப் பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்களாம்.

தங்கை போனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“மெலிஞ்சிருக்காகளாண்ணே?”



“நான் முந்திப் பாத்ததில்லையே, தங்கச்சி.”

ஆமா, என்றாள் அவள்.