சோலார் பலகையில் பூசிய எண்ணெய்

அன்பான விசுவாசக் குடும்பத்தாருக்கு, கோபக்காரி ஒருத்தியின் ஸ்தோத்திரங்கள்.

கடலில் எனக்கு அது ஒன்பதாம் நாள். பேட்டரியில் கால்வாசிகூட இல்லை. என் படகில் டீசல் கிடையாது. கூரை முழுக்கச் சோலார் பலகைகள். அவை தரும் மின்சாரத்தில்தான் மோட்டார் ஓடும், அதே மின்சாரத்தில்தான் கடல் தண்ணீர் குடிதண்ணீராகும். மோட்டாரை ஓட்டினால் குடிக்கத் தண்ணீர் இல்லை. தண்ணீர் எடுத்தால் படகு அலை தள்ளின பக்கம் போகும். கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மனுஷரும் இல்லை. அழுகை வரவில்லை எனக்கு, கோபம்தான் வந்தது. ஆண்டவர்மேல் வந்தது. அவருக்கும் முன்னால் புஷ்பம் அக்காமேல் வந்தது.

புனேயின் விஷ்ராந்த்வாடிப் பகுதியில் எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர் புஷ்பம் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தவர். கைப்பையில் எண்ணெய்ச் சீசா இல்லாமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டார். புது வீடு, புது ஸ்கூட்டர், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பேனா, எதுவானாலும் எண்ணெயில் சிலுவை போட்டு ஜெபித்தால்தான் அவருக்குத் திருப்தி.

நான் புனேவுக்குப் பக்கத்தில் ஆகுர்டியில் வண்டி பேட்டரி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். நாற்பத்து மூன்று வயது, தனி ஆள். ஆறு வருடம் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து இந்தப் படகைக் கட்டினேன். ஞாயிறு ஆராதனைக்குக்கூட மட்டம் போட்டிருக்கிறேன், மறைக்கவில்லை. "மேடம் ரிக்ஷா பேட்டரியில் சமுத்திரம் தாண்டப் போகிறார்கள்" என்று கேன்டீனில் இந்தியில் சொல்லிச் சிரிப்பார்கள். சபையிலும் சிலர், பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்றார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில் வைத்திருந்தேன். ரத்னகிரியில் கிளம்பி, லட்சத்தீவைத் தொட்டு, குமரிமுனையைச் சுற்றித் தூத்துக்குடியில் போய் இறங்குவதுதான் அந்தப் பதில்.

புறப்படும் நாள் காலையில் பலகைகளுக்கு அடியில் படுத்துக் கடைசி வயர்களை மாட்டிக்கொண்டிருந்தேன். புனேவிலிருந்து ஜெபக்கூட்டமே ஒரு வேனில் வந்து இறங்கியது. பாட்டுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், புஷ்பம் அக்கா படகில் ஏறி நின்று பலகைக்குப் பலகை எண்ணெயில் சிலுவை போட்டுக்கொண்டிருக்கிறார்.

கோபம் வந்தால் எனக்கு முதலில் இந்திதான் வரும். "அக்கா, ஹாத் மத் லகாவ்! கை வைக்காதீங்க, அதுல எண்ண படக்கூடாது!"

"ஏட்டி, எதுக்குக் கத்துத? ஆண்டவரு பேரச் சொல்லித்தான பூசுதேன்."

கையிலிருந்த வயரை விட்டுவிட்டு ஓடினேன். துணியால் துடைத்தேன். எண்ணெய் பலகை முழுக்கப் பரவியதுதான் மிச்சம். அக்கா அதற்குள் அடியில் தொங்கின வயர்களுக்கும் கை எட்டின மட்டும் பூசிவிட்டார். வாயில் வந்ததையெல்லாம் அவரைச் சொன்னேன். கடல் ஏற்றம் வற்றுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று, யாரிடமும் சரியாக விடைகூடப் பெறாமல் படகை எடுத்தேன்.

கடலில் என் நாள் எப்படிப் போகும் தெரியுமா? இருபது நிமிடத் தூக்கம், அலாரம், எழுந்து சுற்றிப் பார்த்தல், மறுபடி இருபது நிமிடம். விடிந்ததும் தளத்தில் விழுந்து கிடக்கும் பறவை மீன்களைத் திருப்பிக் கடலில் போடுவேன். வெந்நீரில் ஊறவைத்த போஹா அவல், மத்தியானம் வெயில் அடுப்பில் வேகிற பருப்புச் சோறு. குப்பை ஒன்றுகூடக் கடலில் போகாது, எல்லாம் ஒரு சாக்கில். பிறகு பலகைகளில் படிந்த உப்பைத் துடைக்க வேண்டும். துடைக்கிற ஒவ்வொரு நாளும் அக்காவை நினைத்துப் பல்லைக் கடிப்பேன்.

மூன்றாம் நாளிலிருந்தே மின்சாரம் குறைந்துகொண்டு வந்தது. மேகம் ஒரு காரணம் என்று நினைத்தேன். பெரிய காரணம் எண்ணெய் என்று முடிவே கட்டிவிட்டேன். எண்ணெயில் உப்பு ஒட்டும், உப்பு வெயிலை மறைக்கும், வேறென்ன?

ஒன்பதாம் நாள் காலை வானம் தெளிந்தது. சுள்ளென்று வெயில். அப்போதும் மீட்டர் ஏறவில்லை. தண்ணீர்க் கேனில் ஒரு நாளைக்குத்தான் இருந்தது. என் இடுப்பில் உதவி கேட்கும் பொத்தான் கட்டியிருந்தது. அமுக்கினால் கப்பல் வரும், நான் பிழைப்பேன். படகை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஆறு வருடம்! முழங்கால் போடவில்லை நான். நின்றுகொண்டே கத்தினேன். "ஆண்டவரே, கேட்டேனா நான் எண்ணெய்? வழியைத்தானே கேட்டேன்! மூன்று மணிவரை பார்ப்பேன். அதற்குமேல் அமுக்கிவிடுவேன்." அதற்கு ஜெபம் என்று பெயர் உண்டா, எனக்குத் தெரியாது. என்னிடம் அதுதான் இருந்தது.

சாட்டிலைட் போனை எடுத்து அக்காவுக்கு அடித்தேன். ஜெபம் கேட்க அல்ல, ஏச.

"ஒங்க எண்ணெயாலதான் எல்லாம் போச்சு. நான் இங்க தாகத்துல சாவப் போறேன். சந்தோஷமா ஒங்களுக்கு?"

அக்காவின் குரல் அழுகையோடு வந்தது. "என்னைய ஏசு, பரவால்ல. படகு போனாப் போவுது, நீ உசுரோட வந்து சேரு. முதல்ல அந்த எண்ணெய ஒரு பொட்டு விடாமத் தொடச்சுப் போடு. நீ போன் பண்ணுத வரைக்கும் நான் இங்க முழங்கால்லயே நிக்கேன், என்ன?"

பாத்திரம் தேய்க்கும் சோப்பை எடுத்தேன். மேலே தேய்த்தால் எண்ணெயே இல்லை. ஒன்பது நாள் துடைத்ததில் எப்போதோ போயிருக்கிறது. அப்புறம் ஏன்? ஒரு பொட்டு விடாமல் என்றாரே என்று, வீம்புக்குப் பலகைகளுக்கு அடியில் படுத்துக் கையை விட்டேன். வயர்களில் பிசுபிசுப்பு இன்னும் இருந்தது. ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனேன். கடைசி இணைப்பு கையோடு கழன்று வந்தது. உள்ளே பச்சைப் பசேல் என்று களிம்பு.

அது நான் மாட்டினது. இல்லை, மாட்டாமல் விட்டது. அக்காவைத் திட்ட ஓடினேனே, அப்போது கையிலிருந்து விட்ட வயர் அதுதான். சும்மா செருகி நின்றதில் உப்புத் தண்ணீர் ஏறி, பாதிப் பலகைகளின் மின்சாரம் பேட்டரிக்கு வரவேயில்லை. பேட்டரித் தொழிலில் இருக்கிறவள் முதல் நாளே வயரைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. குற்றவாளி யார் என்றுதான் எனக்கு ஏற்கெனவே தெரியுமே! அந்தத் திமிர் என்னைக் கொன்றிருக்கும்.

மின்சாரம் வராதபடி போர்வையைப் போட்டுப் பலகைகளை மறைத்துவிட்டு, களிம்பு பிடித்ததை வெட்டிப் புது இணைப்பு வைத்தேன். 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். போர்வையை இழுத்தேன். மீட்டர் ஏறியது. மணி பார்த்தேன், மூன்றுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அப்போதுதான் அழுதேன். அக்காவுக்குப் போன் செய்து, "எழும்புங்கக்கா, போதும்" என்றேன். போனை வைத்துவிட்டு, முதல் வேலையாகக் குடிதண்ணீர் மிஷினைப் போட்டேன்.

தூத்துக்குடியில் இறங்கினேன். திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்பும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் சுருங்கிற்று.

"அப்ப என் எண்ணெயால ஒரு பிரயோசனமும் இல்லியாட்டி?"

"ஒண்ணும் இல்லக்கா. நீங்க முழங்கால்ல நின்னீங்கள்ல, அதான் என்னையக் கரை சேத்துச்சு."

சகோதர சகோதரிகளே, சாந்தமாக இருப்பவர்களின் ஜெபத்தைத்தான் கர்த்தர் கேட்பார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கத்தினவளுக்கும் அவர் காது கொடுத்தார். கோபம் இருந்தால் கோபத்தோடேயே போய் நில்லுங்கள். நீங்கள் ஏசின ஆள்தான் உங்களுக்காக முழங்காலில் நிற்கிறார் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

என் கோபம் போய்விடவில்லை. நேற்றும் ஆகுர்டியில் ஒருவனைப் பிடித்துக் கத்தினேன். ஆனால் கையிலிருந்த வயரை மாட்டி முடித்துவிட்டுத்தான் கத்தினேன்.