சருகு கண் திறந்தது

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பங்குனி மாதம், திருவண்ணாமலையில் வேங்கிக்காலைத் தாண்டி இருந்த ஒரு காலி நிலத்தில் நடந்தது இது. தாவரவியல் படித்துவிட்டு, கட்டடம் வரப்போகும் நிலங்களில் என்னென்ன செடிகள், என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்துத் தரும் வேலையில் சேர்ந்திருந்தேன். துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

நிலத்தின் சொந்தக்காரர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இருபது வருடம் வெளிநாட்டில் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேலைக்கு வரும் பெண்கள் தங்க ஒரு ஹாஸ்டல் கட்டுவதற்காகவே அந்த இடத்தை வைத்திருந்தார். பக்கத்தில் ஏரியும் அதற்கப்பால் காப்புக்காடும் இருந்ததால் கட்டட அனுமதி கொடுப்பவர்கள் ஓர் அறிக்கை கேட்டிருந்தார்கள். நான் அவரை அக்கா என்றேன். அவரும் முதல் நாளே 'வாம்மா' என்று ஆரம்பித்துவிட்டார்.

மூன்று நாள் வேலை. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதையெல்லாம் எழுத வேண்டும். ஆவாரை, விராலி, நுணா, உசிலை, தவிட்டுக்குருவி, ஓணான் என்று நோட்டு நிறைந்துகொண்டே வந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது: தரையில் முட்டையிடும் பறவைகள். நான் எதையும் பார்க்கவில்லை. 'இல்லை' என்று எழுதி அக்காவுக்கு அனுப்பியும்விட்டேன்.

மூன்றாம் நாள் எனக்கு நல்ல காய்ச்சல். இருந்தும் போனேன். காலை வெயிலில் மலை நீலப் புகையாக நின்றது. ஆவாரம்பூக்களின் மேல் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் எழும்பி எழும்பி அமர்ந்தன. எது பூ, எது பூச்சி என்று எனக்குத் தெரியவில்லை. கால்கள் தரையில் படாமல் நடப்பது போல இருந்தது. ஓர் உசிலை மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். பஸ் ஹார்ன் சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலக் கேட்டது. அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன். கன்னத்துக்கு நேரே சருகுகள். சாம்பல், பழுப்பு, கறுப்புக் கோடுகள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அந்தச் சருகுகளில் ஒன்று மெல்ல மூச்சுவிட்டது. பிறகு அதில் ஒரு கோடு பிளந்து, கறுப்பாகப் பளபளக்கும் ஒரு கண் திறந்தது.

பக்கிக் குருவி! பகலெல்லாம் தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும் பறவை. என் கைக்கெட்டும் தூரத்தில், வயிற்றை மண்ணில் அழுத்தி, அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் வந்ததிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. இருவரும் அசையாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மூச்சு அதன் மூச்சோடு சேர்ந்து போவது போல இருந்தது. போட்டோ எடுக்கலாம் என்று பார்த்தால் போனில் சார்ஜ் இல்லை. ஓசைப்படாமல் பின்பக்கமாகவே நகர்ந்து வந்துவிட்டேன். காய்ச்சல் மயக்கத்தில், எந்த மரம் என்று அடையாளம் வைக்கவும் மறந்துபோனேன்.

அறைக்கு வந்து போனை சார்ஜ் போட்டதும் அக்காவைக் கூப்பிட்டேன். முதல் வேலையிலேயே தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"அக்கா, நான் தப்பா எழுதிட்டேன். அங்க ஒரு பக்கி அடைகாக்குது."

"என்னம்மா சொல்ற? நேத்து இல்லன்னு எழுதி அனுப்பிட்டு, இன்னைக்கு இருக்குதுன்ற? நாளன்னைக்குப் பூஜை. ஜேசிபிக்குச் சொல்லியாச்சு."

மறுநாள் காலை அவரே நிலத்துக்கு வந்தார். வந்ததும் என் நெற்றியில் கை வைத்தார்.

"ஜுரம் இன்னும் ஜாஸ்தியாத்தான் இருக்குது. இந்த மாதிரி ஜுரத்துல எத்தினி பேஷன்ட்ட பாத்திருக்கேன் தெரியுமா? சுவத்துல யானை போவுதும்பாங்க."

மாத்திரை கொடுத்து, தண்ணீரும் குடிக்கவைத்துவிட்டு என்னோடு தேட வந்தார். உசிலை மரங்கள் எல்லாமே ஒன்று போலத் தெரிந்தன. ஒரு மணி நேரம் தேடினோம். சருகுகள் சருகுகளாகவே கிடந்தன. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கண், அந்த மூச்சு எல்லாம் கனவுதானோ?

"போலாம்க்கா. நீங்க சொல்றதுதான் சரின்னு தோணுது" என்றேன்.

அக்கா திரும்பி ஓர் அடி வைத்தார். அவர் காலடியிலிருந்து சருகு ஒன்று துள்ளி எழுந்தது! ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, விழுந்து விழுந்து, தத்தித் தத்திப் போனது.

"ஐயோ, மிதிச்சிட்டேன்மா! ரெக்க ஒடிஞ்சிடுச்சு!" முந்தானையை விரித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடப் பார்த்தார்.

"அக்கா, நில்லுங்க! கால எடுக்காதீங்க!" என்று கத்தினேன்.

அவர் செருப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வெறும் மண்ணில், இளஞ்சிவப்பில் பழுப்புத் தீற்றலோடு இரண்டு முட்டைகள். நாங்கள் துரத்தி வரவில்லை என்று தெரிந்ததும் சற்றுத் தள்ளிப்போய் மறுபடி விழுந்து துடித்துக் காட்டியது பறவை. பிறகு இரண்டு சிறகுகளையும் விரித்து, ஒரு குறையும் இல்லாமல் பறந்து புதருக்குள் இறங்கியது.

அக்கா வாய் பிளந்து நின்றார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இருபது வருஷம் நர்ஸ் வேலை பாத்த எங்கிட்டயே நோயாளி மாதிரி நடிச்சிட்டுப் போவுது பாரேன்!"

அது திரும்பி வர வேண்டும் என்பதால் சத்தமில்லாமல் வெகுதூரம் விலகி வந்தோம். அங்கே நின்று, "எத்தினி நாளாவும்?" என்று கேட்டார்.

"குஞ்சு பொரிச்சு, பறக்கறதுக்கு எப்படியும் ஒரு மாசம் விடணும்க்கா."

அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாக எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு மாதம் பொறுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் போனை எடுத்தார்.

"அண்ணே, நாளைக்கு மிஷின் வேணாம். இல்லண்ணே, பூஜை நடக்கும். அதுக்கு ஒரு கடப்பார போதும். காரணமா? உள்ள ஆள் குடியிருக்காங்க. காலி பண்ண ஒரு மாசம் டைம் கேட்டிருக்காங்க."

மறுநாள் நிலத்தின் இன்னொரு மூலையில் நாலே பேரோடு பூஜை முடிந்தது. படிவத்தைத் திருத்தி அனுப்பினேன். மேலதிகாரி திட்டுவார் என்று பயந்தேன், திட்டத்தான் செய்தார்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது முட்டைகள் இருந்த இடத்தில் ஓட்டுத் துண்டு ஒன்று மட்டும் கிடந்தது. தினமும் சாயங்காலம் தூர நின்று பார்த்துவிட்டுப் போனதாகவும், குஞ்சுகள் பறந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் அக்கா சொன்னார். இப்போது அங்கே ஹாஸ்டல் வந்துவிட்டது. ஏரிப்பக்கத்தில் கொஞ்சம் புதரை அக்கா வெட்டாமல் விட்டிருக்கிறார். ஆனாலும் அங்கே பக்கியை மறுபடி யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இப்போதெல்லாம் எந்த நிலத்துக்குப் போனாலும் முதல் அரை மணி நேரம் நோட்டைத் திறக்காமல் மண்ணில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்; கூட வருபவர்கள் நேரத்தை வீணாக்குகிறேன் என்று நினைக்கிறார்கள், ஆனால் என் வேலையே அந்த அரை மணி நேரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.