எட்டு எட்டு ஒன்று

எட்டு சனியின் எண், அது நம் வாசலுக்குள் வரக் கூடாது என்பது அந்நாளில் எங்கள் குடும்பத்தின் அசையாத நம்பிக்கை. அதற்குச் சான்றாக என் கணவரின் அக்காவையே காட்டுவார்கள். அவர் பிறந்தது பதினேழாம் தேதி, கூட்டினால் எட்டு. அவருக்கு வந்த வரன்கள் எல்லாம் பேச்சோடு நின்றுபோனதற்கு உறவினர் சொன்ன காரணம் அதுதான். அவரும் மறுத்ததில்லை. தாயை இழந்த தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, பிறகு எங்களோடே இருந்துவிட்டார்.

எண்பதுகளின் கடைசியில் எங்களிடம் இருந்தது இரண்டே கதவுகள் கொண்ட சிறிய கார். பின்னால் ஏற வேண்டுமானால் முன்னிருக்கையைச் சாய்த்து, முழங்காலை மடக்கி நுழைய வேண்டும். முன்னிருக்கை மனைவிக்கு உரியது என்பது அக்காவின் சட்டம். எத்தனை முறை அழைத்தாலும் அங்கே உட்கார மாட்டார். முழங்கால் வலி வந்த பிறகு வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நாங்கள் கிளம்புவதோ மாலை ஆறு மணிக்கு மேல்.

என் கணவர் சில வாரங்கள் கழித்து, ஓய்வுபெற்ற சீன டாக்டர் ஒருவர் தம் ஜெர்மன் காரை விற்கப்போவதாகச் செய்தி கொண்டுவந்தார். தோல் இருக்கைகளும் மரம் பதித்த முகப்புமாக அது எங்களைப் போன்ற குமாஸ்தா வீட்டுக்குப் பொருந்துமா என்று நான் தயங்கினேன். பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று அவர் கைகளை விரித்துக் காட்டினார். அவர் யாருக்காகக் கார் தேடுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஞாயிறு முழுதும் ஓட்டிப் பார்க்கச் சொல்லி டாக்டரே காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டார். எண் எட்டு எட்டு ஒன்று. சீனர்களுக்கு எட்டு ராசியானது, இரண்டு எட்டுகள் கிடைப்பதற்காகக் காத்திருந்து வாங்கிய அதிர்ஷ்ட எண் என்று பெருமையோடு சொல்லிச் சென்றார். அக்கா விரல்விட்டுக் கூட்டினார். பதினேழு.

"வேணாம்லா தம்பி. வேற காடி பாரு."

அக்காவின் சொல்லை என் கணவர் மீறியதே இல்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாங்க வேண்டாம், மலைக்கு அப்பாலுள்ள பாலிக் புலாவ் ஊர் வரை போய் டுரியான் பழம் சாப்பிட்டு வருவோம், அவ்வளவுதான் என்று நான் சொன்னேன். டுரியானுக்காக அக்கா இணங்கினார்.

பின்னிருக்கையில் பக்கவாட்டாக அமர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். எதையும் மடக்க வேண்டியிருக்கவில்லை. மலைப்பாதையின் வளைவுகளில் நான் திரும்பிப் பார்த்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டியிருந்தார். தோல் இருக்கையில் வாடை ஏறிவிடும் என்று பழத்தை அங்கேயே தின்று, கைகளை மூன்று முறை கழுவிக்கொண்டு திரும்பினோம்.

வீட்டு வாசலில் கார் நின்றது. அக்கா இறங்கவில்லை.

"பதினேழுல பொறந்தவ கூட நாப்பது வருசமா இருக்க. உனக்கு என்னா கொறஞ்சு போச்சு?" என்று தம்பியின் முதுகைப் பார்த்துக் கேட்டார். "வாங்கு."

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகத்தை நான் மட்டும் பார்த்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் மூவரும் அந்தக் காரில் கோயிலுக்குப் போனோம். பிறகு கார் கைமாறியது. அதற்கும் வெகுகாலம் கழித்து, என் கணவரும் ஒரு காலையில் அமைதியாக விடைபெற்றார்.

இப்போது அக்காவும் நானும் இருக்கிறோம்.