ஆற்றங்கரைப் புல்

நீடாமங்கலம் அருகே வெண்ணாற்றங்கரையில் ஆடு மேய்த்தவர் அவர். ஒடிசலான உடம்பு, தலையில் பச்சைத் துண்டு. ஆடுகள் கரைப் புல்லை வேர்வரை தின்றிருந்தன. அவர் அடிக்கடி குதிகாலால் கரையை மிதித்துப் பார்ப்பார். மண் பொலபொலவென்று ஆற்றில் உதிரும்.

“கரை சரியுதே, தெரியலையாண்ணே?” என்றேன் எரிச்சலாக.

“தெரியுதுங்க. முன்னல்லாம் அறுப்பு முடிஞ்சா எருவுக்காக ராத்திரி ஆடுகளை வயல்ல அடைச்சு கிடை போடக் கூப்பிடுவாங்க. இப்ப மூட்டை உரம் போதுங்கிறாங்க. மேய்ச்சல் புறம்போக்கெல்லாம் வீடாயிடுச்சு. வேற எடம் காட்டுங்க, இப்பவே ஓட்டிட்டுப் போறேன்.”

சுற்றிலும் பார்த்தேன். காட்ட ஓர் இடமும் இல்லை.

அடுத்த மழையில் கரை உடைந்தது. மணல் மூட்டைகளை அடுக்கி அடைத்தார்கள். தை மாதம் நான் மறுபடி அங்கே போனபோது மூட்டை இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. அதையும் அவருடைய ஆடுகள் கடித்துக்கொண்டிருந்தன. அவர் ஒரு மூட்டையைக் குதிகாலால் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.