நீலம் வரவேண்டும்

என் முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. பெரிய பிள்ளை, கொழுத்த கன்னம். எனக்குச் சீனி வருத்தம் என்று பிறகுதான் சொன்னார்கள். அதனால் இரண்டாவது தங்கியதும் டொக்டர் இன்சுலின் ஊசி எழுதினார். விடிந்ததும் சிறுநீரில் சில துளியை நீல மருந்துத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சீனி இல்லை, பிள்ளைக்கு நல்லது. செங்கல் நிறமானால் சீனி அதிகம், கூடாது. குசினியில் தேத்தண்ணீருக்குப் பக்கத்திலேயே இந்தச் சமையலும் நடந்தது.

மருந்து குளிரில் இருக்க வேண்டும் என்றார் டொக்டர். என் கணவர் துறைமுகத்தடி மீன் வாடியில் ஐஸ் போடுகிறவர். குப்பியை அங்கே வைத்து, தினமும் காலையில் கொண்டுவருவார். மருந்தில் சூரை மீன் மணத்தது. நான் குறை சொல்லவில்லை.

சில கிழமை நீலம். பிறகு பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல்.

"பிள்ளை, ஒளிச்சு என்னத்தைத் தின்னுறாய்?" என்றார் மாமி.

"ஒண்டும் இல்லை மாமி."

சீனி டின் அலுமாரிக்குள் போனது. அதைப் பூட்டிய திறப்பு மாமியின் இடுப்புக்குப் போனது. என்னைப் பார்க்க வந்தவர்கள் தந்த இனிப்புத் தொதலை, என் நன்மைக்காக, அவரே தின்று முடித்தார். பிட்டைக்கூட அளந்து தின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். வயிற்றில் கை வைத்தால் அந்தக் கன்னம்தான் நினைவுக்கு வந்தது.

கிளினிக்கில் டொக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திரண்டிருந்தது.

"இதை எங்கை வைக்கிறனீங்கள்?"

"நடு ஐஸிலை, சேர்," என்றார் கணவர் பெருமையாக. "வெயில் கூடிப்போச்சு எண்டு உப்பும் போட்டனான். அப்பதான் நல்லா விறைக்கும். மீன் ஒரு கிழமைக்குப் பழுதாகாது."

"இது மீன் இல்லைத் தம்பி. விறைச்சு உறைஞ்சால் மருந்து வேலை செய்யாது."

புதுக் குப்பி, வீட்டு மூலையில், ஈர மணல் போட்ட மண்சட்டியில் இருந்தது. நீலம் திரும்பியது. மாமி சீனி டின்னைப் பழைய இடத்தில் வைத்தார். கணவர் கொஞ்ச நாள் கறிக்குக்கூட உப்புக் கேட்கவில்லை.

மகள் பிறந்தாள், நீலமாக. தினமும் அந்த நிறத்துக்காக மாதாவிடம் மன்றாடியவள் நான். இப்போது அதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். மருத்துவிச்சி பிள்ளையின் முதுகில் தட்டினாள். சத்தமில்லை. இன்னொருமுறை தட்டினாள். பிள்ளை வீறிட்டது. கண்ணைத் திறந்தேன். நெஞ்சு, கன்னம், காது என்று சிவந்துகொண்டே போய், அசல் செங்கல் நிறத்தில் கிடந்து கத்தினாள்.

"நிறத்தைப் பார் பிள்ளை," என்றாள் மருத்துவிச்சி.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.