முதல் ஷிப்ட் பஸ்ஸின் கடைசி சீட்

மறைமலை நகரில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் முதல் பதினொரு வருடம் கம்பெனி பஸ்ஸில் போனேன். ஆட்களை வைத்து வேலை வாங்குவது பற்றி எனக்கு ஏதாவது தெரியும் என்றால், அது முழுக்க அந்தப் பஸ்ஸில் தெரிந்துகொண்டதுதான். மிச்சத்தைச் சென்னை ஓ.எம்.ஆர். ஹோட்டல்களில் இரண்டிரண்டு நாள் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே சாப்பாடு நன்றாக இருந்தது.

முதல் ஷிப்ட் பஸ் ஐந்தே காலுக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பும். முன் நாலு வரிசை ஸ்டாஃபுக்கு, பின்னால் ஆபரேட்டர்களுக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நான் இன்ஜினீயராகச் சேர்ந்த புதிதில் முன்னால் இடமில்லாமல் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். அப்புறம் முன்னால் இடம் காலியானபோதும் எழுந்து போகவில்லை. சமத்துவம், புரட்சி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். பின்னால்தான் சுவாரசியம், அவ்வளவுதான்.

பெருங்களத்தூரில் ஓர் அக்கா ஏறுவார். எங்கள் அசெம்பிளி லைனின் லீடர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஏறும்போதே சண்டையோடுதான் ஏறுவார்.

“இன்னா தம்பி, மூணாம் நம்பர் மிஷின் நேத்துலேர்ந்து கர்ரு கர்ருன்னு கத்திகினு கீது, உன் காதுல வுழலயா? இன்ஜினீருன்னு பேரு வேற!”

பஸ்ஸே சிரிக்கும். தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைந்ததும் அதே அக்கா, “சார், மூணாம் நம்பரைக் கொஞ்சம் பாக்கணும் சார்” என்பார். கேட்டுக்கு வெளியே தம்பி, உள்ளே சார். அது ஒரு நாளும் மாறியதில்லை.

அந்தக் கடைசி சீட்டில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. யார் சூப்பர்வைசரோடு முறைத்துக்கொண்டு திரிகிறார், யார் வேறு கம்பெனி பார்க்கிறார், எந்த ஊர்த் திருவிழாவுக்கு எத்தனை பேர் சொல்லாமல் லீவு போடப் போகிறார்கள், எல்லாம் வண்டலூர் தாண்டுவதற்குள் காதுக்கு வந்துவிடும். லீவு போடுகிறவர்களை அதட்ட மாட்டேன். முதல் நாளே ஆள் ஏற்பாடு செய்துவிடுவேன். “இவருக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ” என்று மேலே இருப்பவர்கள் வியப்பார்கள்.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், திரும்பி வரும்போது ஊருக்குப் போகிற கூட்டத்தில் பெருங்களத்தூருக்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டோம். இரண்டு மணி நேரம் பஸ் அசையவில்லை. யாரோ டப்பாவில் மிச்சமிருந்த புளிச்சோற்றை எடுத்தார்கள், ஆளுக்கு ஒரு வாய். அப்போதுதான் அக்கா என் நோட்டைப் பிடுங்கி, லைனில் யார் எங்கே நின்றால் வேலை வேகமாக ஓடும் என்று கோடு போட்டுக் காட்டினார். பொங்கல் முடிந்து வந்ததும் அதை அப்படியே மீட்டிங்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். யார் போட்ட கோடு என்று சொன்னேனா? சொல்லவில்லை. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “எல்லாரும் தட்டுனாங்களா தம்பி? அப்ப சரி” என்று சிரித்தார். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

பிறகு என்னைப் பிளான்ட் மேனேஜர் ஆக்கினார்கள், கார் கொடுத்தார்கள். சேலையூர் வீட்டு வாசலில் ஏறினால் ஆபீஸ் வாசலில்தான் இறக்கம். ‘என் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்’ என்று நோட்டீஸ் ஒட்டினேன். ஏ.சி. வீணாகிறது என்று இரண்டாம் நாளே கதவைச் சாத்திவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு ஆப் கொண்டுவந்தேன். லீவு, ஷிப்ட் மாற்றம் எல்லாம் இனி போனில்தான் கேட்க வேண்டும். என் திரையில் எம்ப்ளாயி நம்பர் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. “சிபாரிசு கிடையாது, முகதாட்சண்யம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே நியாயம்!” என்று மைக்கைப் பிடித்து முழங்கினேன். அடேயப்பா, என்ன பெருமை எனக்கு!

போன வருடம் ஒருநாள் எச்.ஆரிலிருந்து ஒரு மெயில் வந்தது. அசெம்பிளி லைன் லீடர் ராஜினாமா, வெள்ளிக்கிழமை கடைசி நாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எச்.ஆர். அதிகாரியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“போன மாசமே லெட்டர் குடுத்துட்டாங்க சார். பஸ்ல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்” என்றார் அவர்.

அக்காவைப் போக விடக் கூடாது. லைன் போய்விடும் என்பது ஒரு பக்கம். அதைவிட, அவர் இல்லாத அந்தத் தொழிற்சாலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் அறைக்குக் கூப்பிட்டால் சார் ஆகிவிடுவேன். பஸ்ஸில் பிடித்தால் தம்பி, பேசி நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை காரை விட்டுவிட்டுத் தாம்பரத்தில் போய் நின்றேன்.

நான் ஏறியதும் பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. டிரைவர் துண்டை எடுத்து முன் சீட்டைத் துடைத்துவிட்டார். நான் விடாப்பிடியாகக் கடைசிக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த இருவர் எழுந்து நின்றுவிட்டார்கள். “அட, உக்காருங்கப்பா” என்று எத்தனை சொல்லியும் உட்காரவில்லை.

பெருங்களத்தூரில் அக்கா ஏறினார். என்னைப் பார்த்ததும், “குட்மார்னிங் சார்” என்றார். கேட்டுக்கு வெளியே அவர் வாயிலிருந்து வந்த முதல் சார் அது.

“என்னக்கா இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னேனே சார்.”

அவருடைய வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். கால் முறிந்து படுத்திருக்கிறார். காலையில் அவரைக் கழுவித் துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். மூன்று மாதத்துக்கு ஒன்பது மணி ஷிப்ட் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

“இவ்ளோ நாளு தங்கச்சி வந்து பாத்துகினா சார். அவளும் இந்த மாசத்தோட அவ வூட்டுக்குப் போறா. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனில ஒம்போது மணிக்கு வந்தா போதும்னாங்க. சம்பளம் கம்மிதான். இன்னா பண்றது?”

“உங்களுக்கு யாருக்கா முடியாதுன்னது? சொல்லுங்க, இப்பவே அவனை…”

அவர் போனை எடுத்து நீட்டினார். ஷிப்ட் மாற்றம், நிராகரிக்கப்பட்டது. கீழே என் பெயர்.

ஞாபகம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் ஆய்வுக்கு வருகிற மாதம் அது. திரையில் வரிசையாக நம்பர்கள். இந்த மாதம் யாருக்கும் கிடையாது என்று அத்தனையையும் ஒரே டிக்கில் நிராகரித்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

“சத்தியமா நீங்கன்னு தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்.”

“அது தெரியும் சார். நானுன்னா குடுத்திருப்பீங்க.” போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “அந்த லிஸ்ட்ல மத்தவங்களுக்கு இன்னா கஷ்டமோ, யாரு கண்டா?”

ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், இன்றைக்கே மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சினேன். பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று அக்கா சொல்லிவிட்டார்.

அறைக்குப் போனதும் அந்த லிஸ்ட்டைத் திறந்து, ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே பெயரைத் தேடி எழுதினேன். அக்காவைத் தவிர பதினொரு பேர். அதில் ஏழு பேருடைய முகமே எனக்கு ஞாபகம் வரவில்லை. என்ன கஷ்டம் என்று கேட்கக் கீழே இறங்கிப் போய், சூப்பர்வைசரைக் கை காட்டச் சொல்லித்தான் அவர்களைக் கண்டுபிடித்தேன்.